அண்ணன் ஜீப்புக்கு ஒயரிங் வாங்க மதுரைக்குப் போனது

காலைல ஆறு மணிக்கு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல மதுரை வண்டி நிக்கும். ராஜபாளையம் வழியாப் போறது. அதுல ஏறுனேன். கையில ஒரு யூரியா சாக்கு. சாக்குக்குள்ள எங்க அண்ணன் ஜீப்போட பழைய ஒயரிங். பேட்டரிலேருந்து லைட்டு, ஹாரன், செல்ஃபு, மீட்டருன்னு வண்டி பூரா ஓடுத ஒயரு அத்தனையும் ஒரே கொத்தாக் கட்டியிருக்கும்லா, அதைத்தான் ஒயரிங்குன்னு சொல்லுதோம். பாதி தீஞ்சு போச்சு. நான் எட்டாவதோட நின்னவ. பேசுத மாதிரிதான் எழுத வரும், கோவிச்சுக்கிடாதீங்க.

கண்டக்டர் மூக்கப் பிடிச்சாரு. "ஏம்மா, சாக்குல என்ன, கருவாடா?"

"ஒயரு."

"ஒயரா? எந்தக் கம்பத்துல அறுத்த?"

பஸ்ஸே சிரிச்சுது. "எங்க வீட்டு ஜீப்புல அறுத்தது"ன்னேன்.

"ஜீப்பு வச்சிருக்க மகராசிக்கு பஸ்ல என்ன வேல?" அதுக்கும் சிரிப்பு. எனக்கு நூத்திப் பத்து ரூவா டிக்கெட்டு, சாக்குக்குத் தனியா லக்கேஜ் போட்டாரு. மதுரை நூத்தி இருவது கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரமும் இந்த வாடையோடதான் போகணும்.

பக்கத்துல உக்காந்திருந்த அக்கா சிவகிரிக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மகளப் பாக்கப் போறாளாம். சேலைய இழுத்து சாக்கு மேல படாம ஒதுக்கிக்கிட்டா. "என்ன பிள்ள, கரிஞ்ச வாட அடிக்கி?"

"வண்டி எரிஞ்சுதுக்கா."

"ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஆளு போயாச்சு."

அந்த அக்கா ஒதுக்குன சேலைய விட்டுட்டா. அது சாக்கு மேலயே கெடந்துச்சு, எறங்குத வரைக்கும்.

கரிவலம் தாண்டுனதும் ஒரு திருப்பம் வரும். ஜன்னல் வழியா பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், பாத்துட்டேன். அங்கனதான். சிவகிரிலேருந்து தேங்கா ஏத்திக்கிட்டு வந்தான் அண்ணன். பொழுது மசங்குத நேரம். பின்னால வந்த டிப்பர் லாரி அடிச்ச அடியில ஜீப்பு போயி ரோட்டோர மரத்துல மோதிட்டு. "பின்னால லைட்டே எரியல, நான் என்ன செய்ய"ன்னான் லாரிக்காரன். ஜீப்பு முன்பக்கம் ஒயரு தீஞ்சு கெடந்ததப் பாத்த உடனே எங்க ஊரே தீர்ப்பு சொல்லிட்டு. ஒயரிங் கெட்டுப் போயி லைட்டு அணைஞ்சிருக்கு, அதான் லாரிக்காரனுக்குத் தெரியல. அப்பிடின்னா யாரு காரணம்? ஒயரிங் செஞ்ச இசக்கி காரணம்.

இசக்கி சங்கரன்கோவில்ல ராஜபாளையம் ரோட்டுல வண்டி எலக்ட்ரிக் வேல பாக்குத ஆளு. அண்ணனுக்குக் கூட்டாளி மாதிரி. அண்ணன் காரியம் முடிஞ்ச மறுநாள் எங்க அம்மா பஸ் ஏறிப் போயி அந்தக் கடை வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்தா. எங்க பக்கத்துல வயிறு எரிஞ்ச பொம்பள மண்ணு தூத்துனா அந்த எடம் வெளங்காதுன்னு பேச்சு. அதுக்குப் பெறகு அந்தக் கடைக்கு வண்டி விடுதவுக பாதிப் பேரு விடுததில்ல.

அப்பா எப்பவோ இல்ல. ஜீப்பு ஓடுனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். மடங்குன தகரத்த நிமித்தியாச்சு, ஒயரிங்தான் பாக்கி. ஓட்ட எனக்குத் தெரியும், அண்ணன்தான் சொல்லிக் குடுத்தான். காயலான் கடைக்குப் போடுன்னு சொன்னவுக நெறைய. அவன் உசுரோட இருந்தப்ப சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஓசியில ஏறிப் போனவுகதான் அவுக எல்லாம். இப்ப அது சாவு வண்டியாம். அம்மா மட்டும் ஓட்டுன்னு சொன்னா. ஆனா ஒரு கண்டிசன். இசக்கி கை அந்த வண்டி மேல படக் கூடாது. அதனாலதான் மதுரை. ரெடிமேட் செட்டு கெடைக்குமாம், சாக்கெட்டுல சொருகிச் சொருகி நம்மளே மாட்டிக்கிடலாமாம். எவன் தயவும் வேண்டாம்.

மாட்டுத்தாவணியில எறங்கும்போது ஒம்பதரை ஆயிட்டு. அங்கேருந்து டவுன் பஸ்ல சிம்மக்கல். பொம்பளைகளுக்கு டிக்கெட் கெடையாது. சிம்மக்கல்ல விசாரிச்சு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட கடை. உள்ள இருந்தவரு என் தலைக்கு மேல எட்டிப் பாத்தாரு, பின்னால யாரும் வாராகளான்னு.

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"இருந்த ஆம்பள செத்துட்டான். அதான் நான் வந்தேன்."

அவரு ஒரு பொட்டலத்த எடுத்துப் போட்டாரு. பளபளன்னு பிளாஸ்டிக் கவரு, உள்ள ஒயரு சுருட்டி வச்சிருந்துச்சு. பழைய ஜீப்பு மாடலுக்கு உள்ளதாம். எல்லாத்துக்கும் சாக்கெட்டு இருந்துச்சு. இத வாங்கிட்டா இசக்கி மொகத்துல முழிக்காண்டாம். எனக்குக் கை நீண்டுட்டு.

"எங்க வண்டியில டைனமோ இல்ல, அண்ணன் ஆல்டர்னேட்டர் மாத்திட்டான். இது தாங்குமா?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. போட்டு ஓட்டு."

பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துத சாமான்தான் ரெண்டும், ஆனா டைனமோ கரண்டு கொஞ்சமாத்தான் விடும். ஆல்டர்னேட்டரு அதிகமா விடும். அது எனக்கே தெரியும், அண்ணன் வண்டிக்குக் கீழ படுத்துக்கிட்டு ஸ்பேனர் கேக்கும்போதெல்லாம் இதச் சொல்லிக்கிட்டேதான் கெடப்பான். கவருக்கு மேலயே அந்த மெயின் ஒயர நசுக்கிப் பாத்தேன். எங்க பழைய ஒயருல பாதி கனம்கூட இல்ல. இதப் போட்டா மறுபடியும் தீயும். ஒண்ணுதாம்மான்னு சொன்னவரு அன்னைக்கும் இந்தக் கண்ணாடிக்குள்ளதான் உக்காந்திருப்பாரு. வேண்டாம்னு வெளிய வந்துட்டேன். "சும்மா பாக்கத்தான் வந்தியா?"ன்னு பின்னாலேருந்து கேட்டுச்சு.

டீக்கடையில நின்ன ஒரு ஆட்டோக்காரரு வழி சொன்னாரு. அடுத்த சந்துல ராணி அக்கா வீடு இருக்கு, பழசக் குடுத்தா அதே மாதிரி புதுசு கட்டிக் குடுக்கும்னாரு. போனேன். வீட்டுக்கு முன்னால தகரக் கொட்டாயி. கதவு நீளத்துக்கு ஒரு பலகை, பலகை பூரா ஆணி. ஆணிக்கு நடுவுல கலர் கலரா ஒயரு இழுத்து டேப்பு சுத்திக்கிட்டு ஒரு அக்கா நின்னுச்சு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வாயில ஒரு துண்டு டேப்பு.

சாக்கக் கொட்டுனேன். அந்த அக்கா வாயிலேருந்து டேப்ப எடுத்துட்டு, "ஏத்தா, இது ஒயரிங்கா, ஒங்க ஊரு பேயோட தலமுடியா? யாரு இப்பிடி சிக்கு விழ வச்சது?"ன்னுச்சு.

"நாந்தான் வண்டியிலேருந்து உருவுனேன்."

"உருவுனியா, பிச்சியா?"

அழுதுக்கிட்டே பிச்சதுதான். அதச் சொல்லல. ராணி அக்கா சிக்கெடுத்து ஆணி மேல ஒவ்வொரு ஒயரா விரிச்சுக்கிட்டே வந்துச்சு. "முன்பக்கம் வண்டி மடங்கி பேட்டரி ஒயரு நசுங்கியிருக்கு. அதான் தீஞ்சிருக்கு. இங்கிட்டு வா, பின்னாடி போற லைன் பூராம் பூப்போல இருக்கு பாரு. ஒரு எடத்துல கூட கரியல. நல்லா வேல செஞ்சிருக்கான், யாரு செஞ்சது?"

நான் பேரு சொல்லல.

பின் லைட்டுக்குப் போற ஒயரு நடுவுல ஒரு சின்ன சுவிட்ச் தொங்குச்சு. "இது எதுக்கு?"ன்னு கேட்டுச்சு. தெரியல, ஃபேன் சுவிட்ச்சா இருக்கும்னேன். ராணி அக்கா ஒரு பேட்டரிய இழுத்து ஒரு முனையில கிளிப் மாட்டுச்சு. இன்னொரு முனையில செவப்பு பல்பு. எரியல. சுவிட்ச்சத் தட்டுச்சு.

பல்பு எரிஞ்சுது.

"இந்தா, நல்லாத்தான் இருக்கு. ஓட்டுன ஆளு அமத்தி வச்சிருந்திருக்கான்." திரும்பி என் மொகத்தப் பாத்துச்சு. "பேட்டரி வீக்கா இருந்துச்சாத்தா?"

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்."

"அதான். பின்னாடி லைட்ட அமத்துனா முன்னாடி கொஞ்சம் கூட வெளிச்சம் விழும்னு ஒரு நெனப்பு. நெறையப் பேரு இப்பிடி சுவிட்ச் வச்சு வாங்கிட்டுப் போறாங்க. வேணாம்னு சொன்னா நம்மள லூசுன்னுவாங்க."

அப்பதான் எனக்கு அண்ணன் சத்தம் கேட்டுச்சு. லைட்டப் போடுலேன்னு அம்மா சொன்னா அவன் என்னயப் பாத்து கண்ணடிச்சுட்டு சொல்லுவான். "முன்னால எரிஞ்சாப் போதும்ட்டி. பின்னால வாரவன் கண்ணு வச்சிருக்காம்லா." நானும் சிரிச்சிருக்கேன். அவன் எதச் சொன்னாலும் நான் சிரிப்பேன். ஆனா இப்பிடி ஒரு சுவிட்ச் வச்சுக்கிட்டு சொல்லுதான்னு யாரு கண்டா.

"புதுசுலயும் சுவிட்ச் வச்சிரவா?"

"வைக்காதீங்க. முன்னால எரிஞ்சா பின்னாலயும் எரியணும். தனியா அமத்தவே முடியக் கூடாது."

"சரித்தா"ன்னுச்சு. புது ஒயரு இழுத்துச்சு, மெயின் லைனுக்கு நல்ல கனமான ஒயரா. "ஆனா இது சாக்கெட்டுல சொருகுற செட்டு இல்ல பாத்துக்க. ஒன் வண்டியில என்னென்ன மாத்தியிருக்குன்னு தெரிஞ்ச ஆளுதான் மாட்டணும். மொதல்ல செஞ்சவனையே கூப்பிடு"ன்னு சொல்லுச்சு. நாலாயிரத்து ஐநூறு ரூவா. ரெண்டு மணிக்குக் கட்டி முடிச்சுது. அந்த சுவிட்ச்ச வெட்டி என் கையில குடுத்துச்சு.

திரும்பி வரும்போது கண்டக்டர் வேற ஆளு. புது ஒயரு வாடை அடிக்காது, அதனால யாரும் ஒண்ணும் கேக்கல. ராஜபாளையம் தாண்டி வெளிச்சம் கொறைய ஆரம்பிச்சுது. டிரைவருக்குப் பின் சீட்டுலதான் இருந்தேன். முன்னால போற ஒவ்வொரு வண்டிக்கும் செவப்பு லைட்டு. பால் வண்டி, வைக்கோல் லாரி, ஒரு ஓட்ட டிராக்டரு, அதுக்குக் கூட ஒண்ணு எரியுது. எங்க வண்டிக்குந்தான் இருந்துச்சு. நல்ல பல்பு, நல்ல ஒயரு. செத்தவன் மேல கோவப்படக் கூடாதும்பாக. கரிவலம் திருப்பத்துல நான் அவன மனசுக்குள்ள வஞ்சேன். வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லி வஞ்சேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே எறங்கிட்டேன். இசக்கி கடையில ஒரே ஒரு ஆட்டோ நின்னுச்சு. என்னயக் கண்டதும் அவரு எந்திரிச்சு எனக்குப் பின்னால பாத்தாரு. காலைல மதுரைக் கடைக்காரரு ஆம்பளையத் தேடுனாரு. இவரு எங்க அம்மையத் தேடுனாரு.

"ஆத்தா வரலையே?"

"வரல அண்ணாச்சி." சுவிட்ச்ச நீட்டுனேன். "இது அண்ணன் வச்சதா, நீங்க வச்சதா?"

அவரு அத வாங்கல. "அவன் கேட்டான். நான் வச்சேன்."

"வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்." ஆட்டோப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "புது பேட்டரி போடுலேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். தபசு முடியட்டும் அண்ணாச்சின்னான்."

"எங்க அம்மா மண்ணு தூத்துதப்பவாவது இதச் சொன்னா என்ன?"

"என்னன்னு சொல்ல? ஒன் புள்ளையே லைட்ட அமத்திட்டுச் செத்தான்னு பெத்தவட்ட சொல்லவா? போ பிள்ள." புது ஒயரிங்க கையில வாங்கி நெடுகத் தடவிப் பாத்தாரு. "நல்லாக் கட்டியிருக்கு. வண்டியக் கட்டி இழுத்துட்டு வா, மாட்டித் தாரேன். உங்க வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

கும்பிடவும் தோணல, ஏசவும் தோணல. சரின்னு சொல்லிட்டு வந்தேன்.

எங்க ஊரு மேலநீலிதநல்லூர் போற வழியில இருக்கு, மினி பஸ்ல போயி எறங்கணும். எறங்குனா அம்மா ஸ்டாப்புல நிக்கா. பஸ்ஸு ஊருக்குள்ள போச்சு, திரும்பி இதே வழிதான் வரும். அம்மா சாக்கத் தொட்டுப் பாத்துட்டு மொதல்ல கேட்டது, "யாரு மாட்டப் போறா?"

"இசக்கி"ன்னேன். பல்பு எரிஞ்சதுலேருந்து எல்லாத்தையும் சொன்னேன். சுவிட்ச்ச அவ கையில வச்சேன். அவ அத மேலயும் கீழயும் தட்டிப் பாத்தா. டிக், டிக்.

"எம்புள்ள கேட்டா, அவன் வச்சிரலாமா?"

"பேட்டரி மாத்தச் சொல்லியிருக்காரும்மா. இவந்தான் கேக்கல."

"எம்புள்ள கேட்டா, அவன் வச்சிரலாமாட்டி?"

அதுக்குள்ள மினி பஸ்ஸு திரும்பி வந்துட்டு. எங்களத் தாண்டிப் போகும்போதுதான் பாத்தோம், பின்னால ரெண்டு பக்கமும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. அம்மா ரோட்டுக்கு ஓடுனா. "ஏலே! ஏலே நில்லுலே! பின்னால லைட்டு எரியலலே!"

படியில தொங்குன பையன் தலைய நீட்டிச் சிரிச்சான். "முன்னால எரியுதுல்லா ஆத்தா! அது போதும்!"

அம்மா குனிஞ்சு ரெண்டு கையாலயும் மண்ண அள்ளுனா. நிமிந்தா. பஸ்ஸு கொஞ்சத் தூரத்துலயே இருட்டோட இருட்டாப் போச்சு, சத்தம் மட்டும் வருது. தூத்துவான்னு நான் பாத்துக்கிட்டே நிக்கேன். அவ தூத்தல. யாரு மேல தூத்தன்னு அவளுக்குத் தெரியல. கை நெறைய மண்ணோட, அதுக்குள்ள அந்த சுவிட்ச்சும் இருக்கு, அங்கனயே நின்னா.