மாமியின் நேர்த்தியும் மசாய்க் கிழவரின் மருந்தும்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்ததை மாமி உடனே குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மேலை எண்ணெய் மிதக்குது?"

"மருந்துக்கு நல்லெண்ணெய் விட்டிருக்கு மாமி. ஆறமுதல் குடியுங்கோ."

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். அது நல்லெண்ணெய் இல்லை, ஆட்டெலும்புச் சூப்பின் கொழுப்பு. மாமி மச்சம் தொடாமல் விட்டு அப்போது நாலு வருஷம்.

மாமி என் கணவரின் தாய். கணவரின் தம்பியை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போன நாளில், அவன் திரும்பி வரும்வரை மீனோ இறைச்சியோ வாயில் வைப்பதில்லை என்று முருகனுக்கு நேர்ந்தவர். கனடாவுக்கு வரும்போது மாமி கொண்டுவந்த ஒரே சொத்து அந்த நேர்த்திதான் என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. அகப்பை மாறிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், அன்று முழுதும் மாமி பட்டினி கிடப்பார்.

இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டொக்டர் கொடுத்த குளிசை வயிற்றைப் புண்ணாக்கியது. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போவது நின்றுபோனது. வலியைவிட அதுதான் அவரைத் தின்றது. "சுத்திக் கும்பிடாமல் கதிரையிலை இருந்து கேட்டால் முருகன் பிள்ளையைத் தருவாரோ?" என்று அழுவார். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. மாமி மேல் இருந்த இரக்கம் பாதி, என் நிம்மதி பாதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாட்களில் நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பக்கத்தில் நின்றவள் கென்யாவிலிருந்து வந்த, மாடு மேய்க்கும் மசாய் இனத்துப் பெண். அவளைப் பார்க்க வந்திருந்த அப்பா, ஊரில் வேரும் பட்டையும் கொண்டு வைத்தியம் பார்ப்பவர். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு அவளோடு போனேன்.

உயர்ந்து மெலிந்த மனிதர். சிவப்புக் கட்டம் போட்ட போர்வைக்கு மேல் மகளின் குளிர் ஜக்கெட்டைப் போட்டிருந்தார். சோபா சும்மா கிடக்க, ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து இருந்தார். மகள்தான் அவர் பேச்சை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். முழங்காலைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. ஊரில் உங்கள் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். பாவம் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு, மாமி எந்தக் காலை ஊன்றி எழும்புவார், வலி காலையிலா மாலையிலா, அவர் யாருக்காக அழுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியை எந்த டொக்டரும் எங்களிடம் கேட்டதில்லை. துணிப்பையிலிருந்து நாலு துண்டு மரப்பட்டை எடுத்து, ஆட்டெலும்புச் சூப்பில் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். அந்த அம்மா இறைச்சி சாப்பிடுவாரா என்றும் கேட்டார்.

ஓம் என்று தலையாட்டினேன். இல்லை என்றால் பட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுவாரோ என்ற பயம். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

ஏழு நாள் கிழவரின் மகள் வீட்டுக் குசினியிலேயே காய்ச்சி வடித்தேன். மணத்தை மறைக்க மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டேன். ஆப்பிரிக்கக் கஷாயம் என்று மாமிக்குச் சொன்னேன். பத்தாம் நாள் மாமி கதிரையைப் பிடிக்காமல் எழும்பினார். பட்டை செய்த வேலையா, ஏப்ரல் வெயில் செய்த வேலையா, எனக்குத் தெரியாது. கோயிலில் மூன்று முறை சுற்றி வந்து, "உன்ரை கையாலைதான் பிள்ளை" என்று என் கன்னத்தைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

நன்றி சொல்லப் போனபோது, பெரிய கெட்டிக்காரிபோல நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மகளும் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. பாலில் காய்ச்சியிருக்கலாமே, இறைச்சியை விலக்கியவர்களுக்கு நாங்கள் பாலில் கொடுப்பதுண்டு என்றார். என்ன குடித்தோம் என்பது குடித்தவருக்குத் தெரிய வேண்டும், போய்ச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். அவருக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போய்விட்டார். நானும் பலமுறை மாமியிடம் வாயெடுத்து, பிறகு வேறு கதை கதைத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. தம்பியோடு தடுப்பு முகாமில் இருந்து, பிறகு வெளியே வந்த ஒருவர் எழுதியது. தம்பி இறந்துவிட்டான் என்றிருந்தது. வீட்டில் எல்லோரும் குழறி அழ, நான் அந்தக் கடிதத்தில் திகதியைத் தேடினேன். சூப்புக்கு முந்தியா, பிந்தியா? மரணச் செய்தியில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான். திகதி இருக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் ஒரு மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"பிள்ளை, நீதானே எனக்குச் சமைச்சுத் தாறனி. ஒருநாளாவது கைதவறி மச்சம் பட்டதோ? நான் கோவிக்கமாட்டன். உண்மையைச் சொல்லு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது என்னிடம் இருந்தது.

"இல்லை மாமி. ஒருநாளும் இல்லை."

"அப்ப நான் பிழை விடேல்லை. முருகன்தான் என்னை ஏமாத்திப் போட்டார்" என்றார். எழும்பிப் போய் அலுமாரித் தட்டிலிருந்த முருகன் படத்தை எடுத்து, என் கணவரின் பழைய சேர்ட் ஒன்றில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

அதற்குப் பிறகு மாமி பதினொரு வருஷம் இருந்தார். ஒருநாளும் விளக்கேற்றவில்லை, கோயில் வாசலை மிதிக்கவில்லை. முழங்கால் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.