திரைக்கு அந்தப்பக்கம் போன குழந்தை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் வேலூருக்குப் போனோம், நானும் என் கணவரும் ஐந்து மாதக் கைக்குழந்தையும். ஆசிரியப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை எனக்கு. முற்பகலில் எழுத்து, பிற்பகலில் இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு படித்த படிப்பு. தவறவிட்டால் மறுபடி என்னை யாரும் அனுப்பமாட்டார்கள் என்று தெரியும்.

கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டி அவர் கைகள் முழங்கை வரை பழுப்பேறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. மேஸ்திரி ஆகவேண்டும் என்று அவருக்கும் ஓர் ஆசை. தொட்டியில் தோல் கிடக்கும்போது லீவு கேட்டால் அந்த ஆசையில் மண் விழும். ஆனாலும் கேட்டுவிட்டு வந்தார். ரயிலில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால், திரும்பிப் போய்விடலாம் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் அவர் குழந்தையோடு இருப்பார், மதிய மணி அடித்ததும் நான் வந்து பால் கொடுப்பேன் என்று ஏற்பாடு. நடுவில் அழுதால் புகட்டக் கொஞ்சம் பசும்பாலும் பாலாடைச் சங்கும் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பரீட்சை பாதி நடக்கும்போதே பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. குழந்தை பசியில் இருக்கிறான் என்று உடம்பே சொல்கிறது, கை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. நானெல்லாம் ஒரு தாயா என்று இருந்தது.

மணி அடித்ததும் ஓடிவந்தால் மரத்தடியில் யாரும் இல்லை. பாலாடை கவிழ்ந்து கிடந்தது. கொட்டிய பாலில் எறும்பு மொய்த்திருந்தது. பிள்ளைக்கு என்னவோ ஆகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் என்றே நினைத்தேன். எதிரே நின்ற ஜட்காக்காரரிடம் என்ன கேட்டேனோ, அவர் புரிந்துகொண்டார்.

"கையெல்லாம் பட்டைத் தண்ணி ஏறுன ஆளு தானே? கொயந்தைய தூக்கிகினு அந்தச் சந்துக்குள்ள போனாரு."

சந்தின் கோடியில், பச்சைத் திரை தொங்கிய ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். இரண்டு கையும் வெறும் கை.

"கொயந்த எங்க?"

"உள்ள கீறான். பால் குடிக்கிறான்."

பிள்ளை பாலாடையைத் தட்டிவிட்டு, குரல் கம்மும்வரை அழுதிருக்கிறான். எங்காவது வேறு பால் கிடைக்காதா என்று இவர் சந்துக்குள் நடக்க, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் விசாரித்திருக்கிறது. அவளுக்கும் கைக்குழந்தை. ஆனால் புருஷனைக் கேட்காமல் வேறு பிள்ளைக்குப் பால் தரக்கூடாதாம் அவர்கள் வழக்கத்தில். கடையிலிருந்து அவள் புருஷன் வந்து சரி என்று தலையசைத்த பிறகுதான் திரைக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் நீண்டிருக்கின்றன. அந்நிய ஆண் உள்ளே போக முடியாது. பிள்ளையை விட்டு நகரவும் முடியாது. இவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் உள்ளே போனேன். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அவள் மடியில் என் மகன் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஊருக்கே போகிறேன் என்றேன்.

"பேஜாராவாத," என்றாள் அவள். "பால் குடுத்துட்டா அது எங்க புள்ள. இனி இவனுக்கு அம்மா ரெண்டு பேரு. ஒருத்தி இங்க இருக்கேன், இன்னொருத்தி போயி பரீட்சைய முடிச்சிட்டு வா."

போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றுவரை நினைவில்லை. பாஸாகிவிட்டேன். மேஸ்திரி வேலை அந்த முறை வேறொருவருக்குப் போனது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

என் மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. வேலூர் போனால் யாரையும் கூப்பிடாமல் அந்தப் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறான். பால் குடித்த பிள்ளைக்கு அங்கே மறைப்பு கிடையாது. அவன் அப்பா மட்டும் அன்று நின்ற அதே இடத்தில் நிற்கிறார். பிள்ளை பிறந்தபின் உனக்கென்ன படிப்பு என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர் என்றாலும், பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பியவளும், வெறும் கையோடு வாசலில் காத்து நின்றவரும் இருந்ததால்தான் நான் டீச்சர் ஆனேன் என்று, அந்தத் திரை அசையும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.