மந்தைவெளி வீட்டு நீதிபதி நாற்காலி

பழைய ரெக்சினைக் கிழித்ததும் கூடமெங்கும் எழுந்த அந்த வாடை, தேங்காய் நாரும் தூசியும் ஏதோ எண்ணெயும் கலந்த வாடை, இன்றும் என் மூக்கை விட்டு அகலவில்லை. கிழிந்த நாற்காலி வாசல் வழியே வெளியே போனால் தெருவே பார்க்கும் என்பதால், சோபா தைக்கும் மஜீத் பாயை எங்கள் மந்தைவெளி வீட்டுக்கே வரவழைத்து, ஜன்னல்களையும் சாத்தச் சொன்னவர் என் தந்தை. அன்று மாலை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பிள்ளையின் தகப்பனார் நீதிமன்றத்தில் சிரஸ்தார் என்னும் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அமர்த்தவிருந்த அந்தத் தேக்கு நாற்காலி வெள்ளைக்கார நீதிபதி ஒருவருடையது என்று தந்தை பிள்ளை வீட்டாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ரெக்சினுக்கு அடியில் பச்சைத் துணி. அதற்கும் அடியில் சிவப்பு. உரிக்க உரிக்க, உள்ளே இன்னும் என்ன இருக்குமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் முதுகுப் பலகையின் மேல்விளிம்பில் சதுரமாக இரண்டு துளைகள் வெளிப்பட்டன. விரலை விட்டுப் பார்த்தேன்.

“இன்னா சார், இது சலூன் நாற்காலியா கீது! தலை சாய்க்கிற கட்டையைச் சொருவுற ஓட்டை சார் இது” என்றார் பாய்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, இது தீர்ப்பு சொன்ன நாற்காலியா, தலையைக் குனிஞ்சுக்கோன்னு சொன்ன நாற்காலியா?”

“துளை தெரியாம மூடிடுங்கோ, பாய்” என்று மட்டும் சொன்னார் தந்தை.

மாலையில் சிரஸ்தார் புது மெத்தையை அழுத்திப் பார்த்து, “எந்தக் கோர்ட்டுலேர்ந்து வந்தது ஓய்?” என்று கேட்டார். அக்கா காபித் தட்டுடன் நின்றிருந்தாள். தந்தை அவளை ஒருமுறை பார்த்தார்.

“கோர்ட்டு இல்லை. சலூன் நாற்காலி. எங்கப்பா சொன்னதையே நானும் சொல்லிண்டிருந்தேன். இன்னிக்குக் காலம்பறதான் தெரிஞ்சது. பொண்ணைக் கொடுக்கற இடத்துல உங்களைப் பொய்மேல உக்காத்தி வெக்கக்கூடாது.”

சிரஸ்தார் பின்னால் சாய்ந்து, கண்களை மூடி, மோவாயைத் தூக்கிக் காட்டினார். “அப்போ சவரத்தை முடிச்சுடும் ஓய், அப்புறம் முகூர்த்தத்தைப் பார்ப்போம்!”

அந்தக் கூடம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கின்றன. தந்தையும், அக்காவுக்கு மாமனாராகிவிட்ட சிரஸ்தாரும் இல்லை. தாத்தாவுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று அறிய எனக்கு இன்றும் ஆவல்தான்; கேட்பதற்குத்தான் எவரும் இல்லை. சென்ற வாரம் நாற்காலிக்கு மறுபடி மெத்தை தைக்க வீட்டுக்கு வந்தவரிடம், துளைகளை மூடாமல் வெளியே தெரியும்படி விடச் சொன்னேன். வருபவர்கள் கேட்டால் சலூன் நாற்காலி என்றே சொல்கிறேன்.

அக்கா மட்டும் இன்னும் அதை நீதிபதி நாற்காலி என்கிறாள்.