வாய்தாவுக்கு வந்தவர்

“நான் வந்தேன்னு அதுகிட்ட யாரு பாப்பா சொல்லுவா?”

என் வேலையைப் பற்றிப் பெருமையாக விளக்கி முடித்ததும் சித்தப்பா கேட்டது இதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சட்டம் முடித்து, விழுப்புரத்தில் ஒரு சிறு குழுவில் சேர்ந்திருந்தேன். பழைய ஜாமீன் உத்தரவுகளைப் படித்து, அவற்றில் உள்ள விவரங்களைக் கட்டம் கட்டமாகக் குறிப்பது என் வேலை. அவற்றிலிருந்து செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டு, யாரை வெளியே விட்டால் ஒழுங்காகத் திரும்பி வருவார் என்று நீதிபதிக்கு ஒரு கணிப்புச் சொல்லும். இன்னும் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை, சோதனைதான். பெயர், சாதி, ஊர் எதுவும் அதற்குத் தெரியாது என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, கிணற்று மோட்டார் திருட்டு ஒன்றில் சந்தேகப்பட்டுச் சித்தப்பாவைப் பிடித்தார்கள். திண்டிவனம் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாளே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். கரும்பு வெட்டப் போகிறவரிடம் வெள்ளையில் அது ஒன்றுதான் இருந்தது. காலையில் கேப்பைக் கூழைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு திண்டிவனம் போனவர், கோர்ட்டு கலையும்வரை வராந்தாவில் நின்றார். தன் பெயரைக் கூப்பிட்டாயிற்றா என்று வாசலில் பெயர் கூப்பிடும் டவாலியிடம் கேட்டதற்கு, “கூப்ட்டா காது கேக்கும்ல? ஓரமா நில்லுய்யா” என்றாராம். வீட்டுக்கு வந்து சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “எம் பேர்லயே ரெண்டு பேரக் கூப்ட்டாங்க. ரெண்டு பேரும் நான் இல்ல.”

வழக்கை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் திண்டிவனத்தில் நின்ற அதே நாளில் விழுப்புரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரண்ட் வந்தது. கரும்புக் கொல்லையிலிருந்தே கூட்டிப்போனார்கள். ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டார். “வந்தேனுங்களே, காத்தாலேர்ந்து நின்னுக்கினே இருந்தேனுங்க” என்றார் சித்தப்பா. வராதவர், வந்தேன் என்கிறார். பொய்யும் சேர்ந்துகொண்டது, ஜாமீன் மறுத்துவிட்டார்கள். கரும்பு வெட்டு முடிந்து நெல் அறுப்பும் முடிந்த பிறகே வெளியே வந்தார். வழக்கு கடைசியில் நிற்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. புறம்போக்கில் குடிசை போட்டிருந்த ஒருவருக்கு நிலையான முகவரி இல்லை என்று ஜாமீன் மறுத்திருந்தார்கள். அவர் ஒரு வாய்தாவையும் தவறவிட்டதில்லை, வெளியே விடலாம் என்றது இயந்திரம். சித்தப்பாவின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், அவர் சம்மதத்தோடு, அவருக்கு ஜாமீன் மறுத்த உத்தரவையும் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றது. ‘வாய்தாவுக்கு வரவில்லை’ என்ற ஒரே குறியை எடுத்துவிட்டுக் கேட்டேன். விடலாம் என்றது. அன்று நீதிபதி சொன்ன அதே தீர்ப்பு, அதே காரணம். இதற்கா இத்தனை பெருமைப்பட்டேன்?

குழுவை நடத்தும் சாரிடம் சித்தப்பாவின் கதையைச் சொல்லி, ஏன் வரவில்லை என்று எழுத ஒரு கட்டம் வைக்கலாமே என்று கேட்டேன்.

“வைக்கலாம்மா. வக்கீல் வச்சிருக்கவன் அதுல நல்லா கதை எழுதுவான். உங்க சித்தப்பாவுக்கு யாரு எழுதுனது?”

காரணம் கேட்காவிட்டால் சித்தப்பா ஓடிப்போனவர். கேட்டாலோ, சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில், இரண்டு பக்கமும் சரியாக இருப்பதுபோலவும் இரண்டுமே தப்பு போலவும் இருந்தது. இப்போதும் முழுதாகத் தெளியவில்லை.

ஒன்று மட்டும் தோன்றியது. வழக்கு இடம் மாறியதா, மாறியதை ஆளுக்குத் தெரிவித்தார்களா என்பது சித்தப்பா சொல்ல வேண்டிய கதை அல்ல. நீதிமன்றமே சொல்ல வேண்டியது. அதற்கு வக்கீல் தேவையில்லை. காய்ச்சலில் கிடந்து வராதவருக்கும் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வராதவருக்கும் இது உதவாது என்று எனக்குத் தெரியும். சாரும் அதைத்தான் சொன்னார். “நீ குறிச்சத எல்லாம் மறுபடியும் படிக்கணுமே, பேஜாரும்மா” என்றும் சொன்னார். வழக்கு மாறியதைத் தெரிவித்ததற்கு ஆதாரம் இல்லாத இடங்களில் ‘வரவில்லை’ என்று குறிக்காமல், தனிக் கட்டம் ஒன்று போட்டு, முதல் உத்தரவிலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.