கூரையிலிருந்து எண்ணிய வீடு

சபையாருக்கு என் அன்பு. போன ஐப்பசியில் நான் என் சொந்த வீட்டுச் சுவரைப் பார்த்துப் பயந்து நடுங்கினேன். கள்ளனுக்கும் பயந்தவனல்ல, பாம்புக்கும் பயந்தவனல்ல. ஆனால் கூரையில்லாமல் நின்ற அந்த நாலு அறைச் சுவரைக் காலையில் காணாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அந்தப் பயத்திலிருந்து கர்த்தர் என்னை எப்படி எடுத்துவிட்டார் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் ஆனையிறவு உப்பளத்தில் நாட்கூலிக்கு வேலை செய்கிறவன். காணி கண்டாவளைப் பக்கம். மனைவி றெஜினா வீட்டில் தையல் தைக்கிறா. எங்களுக்குப் பெனிற்றா, யூடித் என்று இரண்டு பெண் பிள்ளைகள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளிலிருந்து தகரக் கொட்டிலில்தான் சீவியம். பிள்ளைகள் இருவருக்கும் வேறு வீடு தெரியாது.

அப்படியிருக்க, வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. பணம் ஒரேயடியாகத் தரமாட்டார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் முடிந்தால் ஒரு பகுதி, கூரை போட்ட பிறகு கடைசிப் பகுதி. அதோடு றெஜினா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசும் இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் என் மனதுக்குள் நாலு அறை கட்டி முடித்துவிட்டேன்.

மேசன் வேலைக்கு முருகையா அண்ணையைக் கூட்டி வந்தேன். அவருடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவர் கல் வைக்கமாட்டார். காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வெற்றுச் சீமெந்துப் பையைக் கிழித்து, அதில் பென்சிலால் எழுதத் தொடங்கினார்.

“தம்பி, எல்லாரும் அத்திவாரத்துல இருந்து எண்ணுவாங்க. நான் கூரையில இருந்துதான் எண்ணுவேன். மொதல்ல கூரை. அப்புறம் கதவு, யன்னல், கக்கூஸ், கரண்ட். சாமான் வெலை ஏறும், அதுக்கு ஒரு பங்கு தனியா வைக்கணும். அது போக மிச்சம் இருக்கிற காசுக்குத்தான் அத்திவாரம் வெட்டணும்.”

அவருடைய கணக்கில் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அண்ணை, உங்கடை கணக்கிலை கர்த்தருக்கு ஒரு இடமும் இல்லையே. நாங்கள் விசுவாசத்தோடை தொடங்கிறம். அவர் முடிப்பார்.”

“சாமியைக் கும்புட்டுக் கேக்கலாம் தம்பி. சீமெந்துக் கடையில கும்புட்டா குடுப்பாங்களா?”

அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். கணக்குப் பார்ப்பதே அவிசுவாசம் என்று அப்போது நான் மனதார நம்பினேன். அடுத்த ஞாயிறு சபையில் எழும்பி நின்று, நத்தார் பண்டிகைக்கு நாலு அறை வீட்டில் குடியிருப்போம் என்று சாட்சியும் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் அல்லேலூயா சொன்னீர்கள். வீடு கட்டமுதல் சாட்சி சொன்ன மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அகலக் கால் வைத்தேன். கால் வழுக்க நாளெடுக்கவில்லை. சீமெந்து விலை ஏறியது. கம்பி ஏறியது. மணலுக்கு அலைந்து அலைந்தே கைக்காசு கரைந்தது. சுவர் முழு உயரத்துக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. சுவருக்குக் கிடைத்த பகுதியும் சாமான் கடைப் பாக்கிக்கே போனது. கடைசிப் பகுதிப் பணமோ கூரை போட்டால்தான் வரும். கூரை போடுவதற்கோ பணமில்லை.

ஐப்பசி பிறந்தது. கிழக்கே முகில் கறுத்தால் உப்பளத்தில் எனக்குக் கை ஓடாது. மழை தொடங்கினால் கூலியும் நின்றுவிடும். கொட்டில் தகரமோ துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. போன மாரிக்கே அதன் கம்பு ஒன்று உக்கியிருந்தது. “அப்பா, மழைக்கு முதல் புது வீட்டை போயிடுவம் என்ன?” என்று பெனிற்றா கேட்டாள். நான் சைக்கிளைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். யாராவது படலையைத் தட்டினால் கொட்டிலுக்குப் பின்னால் போய்விடுவேன். ஜெபிக்க முழந்தாளிட்டாலும் வட்டிக் கணக்குத்தான் மனதில் ஓடியது.

ஏனென்றால் நான் றெஜினாவுக்குத் தெரியாமல் ரவுணில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் போய்க் கடன் கேட்டிருந்தேன். தேத்தண்ணி தந்து, சிரித்துச் சிரித்துக் கதைத்தார். காணிப் பெர்மிட்டை, அதாவது அரசாங்கம் தந்த காணிப் பத்திரத்தை, கொண்டுவந்து தரச் சொன்னார்.

“பயப்பிடாதேங்கோ. சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான்” என்றார்.

பயப்படாதே என்ற சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். எத்தனை முகாம் மாறியபோதும் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிய பெர்மிட் அது. அது போனால் காணி போகும். காணி போனால் என் பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் நிற்க இடமில்லை. இது தெரிந்தும், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நத்தாருக்கு உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற வெட்கம் அந்தளவுக்குப் பெரிதாக இருந்தது.

அதற்கு முதல் நாள் ஞாயிறு. றெஜினா பிள்ளைகளோடு ஆராதனைக்கு முன்னே போய்விட்டா. நான் அலுமாரியைத் திறந்து, கோப்புக்குள் மேலே இருந்த பெர்மிட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அன்று ஆராதனையில் நான் பாடவில்லை. முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் வந்து, கூரையில்லாத ஹோலின் நடுவில் உச்சி வெயிலில் நின்றேன். நான் நீளமாக ஜெபிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ஒரு சொல்தான் வந்தது.

“பயமாயிருக்கு ஆண்டவரே.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பணம் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. சின்னப் பிள்ளைபோல அழுதேன்.

றெஜினா வாசலில் நின்றா. முகம் வெளிறியிருந்தது. “இஞ்சேருங்கோ, அலுமாரி திறந்து கிடக்கு. பெர்மிட் எங்கை?”

நான் சட்டைப்பையைத் தொட்டேன். பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவா சத்தம் போடுவா என்று நினைத்தேன். போடவில்லை. கையிலிருந்த ஒரு மடித்த தாளை நீட்டினா. கசங்கிய சீமெந்துப் பைத் தாள்.

“இது பெர்மிட்டுக்குக் கீழைதான் கிடந்தது. நீங்கள் எறிஞ்சனீங்கள். நான் எடுத்து வைச்சனான்.”

பிரியமானவர்களே, நான் கேட்கமுதலே பதில் என் அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. அதற்கு மேலே இருந்ததைத்தான் நான் எடுத்து அடகு வைக்கப் போனேன். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

பின்னேரமே முருகையா அண்ணையைக் கூப்பிட்டோம். “நான் சொன்னேனே” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை விரித்து, ஒவ்வொரு சுவராக அளந்து பார்த்தார்.

“தம்பி, அந்தப் பக்கத்து ரெண்டு அறையையும் இடிச்சு எறக்கிடணும். கதவு நெலை, யன்னல் மிச்சமாகும், கடையில திருப்பிக் குடுத்தா கூரைச் சீற்றுக்கு ஆகும். தப்புற கல்லுல கக்கூஸ் கட்டிடலாம். என் கூலியைக் கடைசிப் பணம் வந்ததும் குடுங்க.”

வீட்டுத்திட்ட அதிகாரியிடம் கேட்டோம். இரண்டு அறையே திட்டத்துக்குப் போதும் என்றார். ஆனால் என் மனம் கேட்கவில்லை. இதே காணியில் இருந்த எங்கள் வீட்டைச் சண்டைக் காலத்தில் ஷெல் விழுத்தியது. திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. அந்த மண்ணில் இப்போது நானே சுவரை இடிப்பதா? சுத்தியலைத் தூக்கித் தூக்கிக் கீழே வைத்தேன். முதல் அடி விழுந்த சத்தத்துக்கு றெஜினா காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டா. றோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். “இவனுக்கு விசர்” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கர்த்தாவே, நீர் சொல்லித்தானா இடிக்கிறேன் என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டேன். பாதிக் கல் உடைந்தது. பாதி தப்பியது.

பெர்மிட் பழைய இடத்துக்கே போனது. ரவுணில் இருந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்த்திகை பிறந்து சில நாளில் கூரை ஏறியது. பூச்சு இல்லை, கதவு ஒன்று இன்னும் மாட்டவில்லை. இருந்தாலும் சாமானோடு உள்ளே போய்விட்டோம்.

அந்தக் கிழமையே மழை பிடித்தது. விடவேயில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் காற்றும் சேர்ந்தது. எங்கள் கண் முன்னாலேயே கொட்டில் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மழை குறைந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு தகரம் செங்குத்தாக நிலத்தில் குத்தி நின்றது. யூடித் வழக்கமாகப் படுக்கும் இடம் அது. நாலு அறைக்கும் காசு வரட்டும் என்று நான் காத்திருந்திருந்தால், அந்தப் பின்னேரம் அவள் அங்கேதான் இருந்திருப்பாள்.

கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று இனி நான் சொல்லமாட்டேன். கர்த்தர் எனக்குப் பணம் தரவில்லை. என் கணக்கை எனக்குக் காட்டினார். திருநீறு பூசிய ஒரு நல்ல மனிதனின் வாயால் காட்டினார். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பேன். கடைசிப் பணம் வந்த அன்றே அண்ணையின் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்களில் யாராவது வீடு தொடங்கியிருந்தால், அல்லது பாதியில் நின்று என்னைப்போலப் பயந்துகொண்டிருந்தால், அந்தப் பயத்தைக் கர்த்தரிடம் அப்படியே சொல்லுங்கள். பெரிய வார்த்தை தேவையில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து அவருக்கு முன்னால் கூரையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இடிக்கச் சொன்னால் இடியுங்கள். அவரை நம்பலாம்.

அந்த மழையின் முதல் நாள் நான் பழக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு, எங்கே ஒழுகுகிறது என்று தேடித் திரிந்தேன். யூடித் பாயில் இருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்பா, சத்தம் மட்டும் கேக்குது. மழை எங்கையப்பா?” என்று கேட்டாள்.