பெட்டிக்கு என் நம்பர் தெரியாது

ஒஸ்லோவிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் மலைச்சரிவில் எனக்கு ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. நோர்வேக்காரர் இதை ஹுத்த என்பார்கள். இரண்டு அறை, ஒரு விறகடுப்பு, மூன்று மின்சார ஹீட்டர்கள். தண்ணீர்க் குழாய் இல்லாததால், ஆளில்லாத நாட்களில் ஹீட்டர்களை அணைத்துவிட்டு வரலாம். உறைந்து வெடிக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் மாரி காலத்தில் அப்படி விட்டுவந்த வீடு திரும்பச் சூடாவதற்கு ஒரு முழுப்பகல் வேண்டும். அதற்காகத்தான் என் கணவர் அந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டுவித்தார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே, கைத்தொலைபேசியில் இருப்பதுபோல ஒரு சிம் அட்டை. எங்கிருந்தாவது அதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ஹீட்டர்கள் மூன்றும் வேலை செய்யத் தொடங்கும். இன்னொன்று அனுப்பினால் அணையும். வீட்டுக்குள் எத்தனை பாகை என்று கேட்டால் அதையும் சொல்லும். நோர்வே மொழியில் 'ஆன்' என்பதற்கு உள்ள சொல் காதுக்குப் 'போ' என்றுதான் விழும். "அப்பா 'போ' எண்டால் பெட்டி வேலை செய்யுது, நான் சொன்னால் ஒருத்தரும் செய்யிறேல்லை" என்று மகள் பகிடி விடுவாள். அப்போது நாங்கள் மூவரும் சிரித்தோம்.

இருபத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு நாங்கள் பிரிந்தோம். பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. எதையும் தானே தீர்மானிப்பவர் அவர். சரி என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போனவள் நான். அவர் தென்மேற்குக் கரையிலிருக்கும் ஸ்தவாங்கர் நகரில் வேலை எடுத்துக்கொண்டு போனார். ஒஸ்லோவில், எங்கள் ஸ்டோவ்னர் வீட்டில் நானும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் இருந்தோம். மரவீடும் எனக்கே வந்தது. காகிதங்கள் எல்லாம் என் பெயருக்கு மாறின. பெட்டியை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

பெட்டிக்கு ஒரு நம்பரைத்தான் தெரியும். முதன்முதலில் சொந்தக்காரர் என்று எந்த நம்பர் பதியப்பட்டதோ, அதிலிருந்து வருகிற சொல்லைத்தான் கேட்கும். இன்னொரு நம்பரைச் சேர்ப்பதானாலும் அந்த நம்பரிலிருந்தே, ஒரு இரகசிய இலக்கத்தோடு எழுத வேண்டும். நான் என் தொலைபேசியிலிருந்து எத்தனையோ தரம் அனுப்பிப் பார்த்தேன். மறுமொழியே இல்லை. மதிலோடு கதைத்த மாதிரி.

ஆகவே முதல் மாரியில், அங்கே போக நினைத்தபோதெல்லாம் ஸ்தவாங்கருக்கு அழைத்தேன்.

"நாளைக்கு நாங்கள் மேலை போறம். ஹீட்டரைப் போட்டுவிடுறியளோ?"

"ஆர் ஆர் போறியள்?"

"நானும் பிள்ளையும்."

"எத்தினை மணிக்குப் போய்ச் சேருவியள்?"

"ஆறு, ஏழாகும்."

"அப்ப நாளைக்குக் காலமை போட்டால் காணும். இப்பவே போட்டால் வீண் கரண்ட்."

"கரண்ட் பில் என்ரை பேரிலைதான் வருது" என்றேன்.

"அதுக்காக வீணாக்கிறதே?"

ஒவ்வொரு முறையும் இதுதான். என் சொந்த வீட்டைச் சூடாக்க நான் ஒருவரிடம் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. எப்போது போகிறேன், யாரோடு போகிறேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவந்தது. அந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டேன். "எங்கையோ எழுதி வைச்சனான், தேடிப் பார்க்கிறன்" என்றார். இரண்டு கிழமை கழித்துக் கேட்டேன். "ஓ, மறந்துபோனன்" என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது, "நான்தானே போட்டுவிடுறன், பிறகென்ன அவசரம்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், மரவீட்டில், மகள் வாளித் தண்ணீரைச் சுடவைத்துத் தலைமுழுகிவிட்டு ஹீட்டருக்கு முன்னால் குந்தியிருந்தாள். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்த பெட்டி 'டக்' என்றது. மூன்று ஹீட்டர்களின் சிவப்பு விளக்குகளும் அணைந்தன.

உடனே அழைத்தேன். "ஹீட்டரை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நீங்கள் வெளிக்கிட்டிருப்பியள் எண்டு நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை பன்ரண்டுக்கு வெளிக்கிடுறதுதானே எங்கடை வழக்கம்."

"அது உங்கடை வழக்கம். நாங்கள் நாளைக்குத்தான் வெளிக்கிடுறம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

திரும்பப் போட்டுவிட்டார். ஆனால் நான் புட்டை அப்படியே மூடிவைத்தேன். ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒருவர் விரலை அசைக்க, என் பிள்ளை ஈரத்தலையோடு நடுங்குகிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. "அம்மா, இதை ஓர்த்னே பண்ணுங்கோ. பிறகு பிறகு எண்டு விடாதேங்கோ" என்றாள் மகள், நோர்வேச் சொல்லும் தமிழுமாக. ஒழுங்கு படுத்துங்கள் என்கிறாள்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய மறுநாளே பெட்டியை விற்ற கம்பனிக்கு அழைத்தேன். தொலைபேசியில் என் முறைக்குக் காத்திருந்ததில் வேலைக்குப் போகும் நேரமும் நெருங்கிவிட்டது. கடைசியில் எடுத்தவன் மரியாதையான பெடியன். பழைய சொந்தக்காரரின் நம்பரிலிருந்து மாற்றுவதுதான் இலகுவான வழி என்றான்.

"அது முடியாது" என்றேன்.

"உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கிறாரா? அவரோடு கதைக்கலாமா?"

"இல்லை. பக்கத்தில் இல்லை. அதுதான் பிரச்சினை."

பெட்டிக்குள் இருக்கும் சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டான். அதுவும் அவர் பெயரில்தான். தொலைபேசிக் கம்பனிக்கு அழைத்தேன். சந்தாதாரர் அல்லாதவருடன் அந்த இலக்கத்தைப் பற்றி எதுவும் கதைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீடு என்னுடையது. சுவரும் பெட்டியும் என்னுடையவை. பெட்டிக்குள் இருக்கும் நகமளவு அட்டை மட்டும் அவருடையது. அது இல்லாமல் மற்றதெல்லாம் சும்மா.

பெப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் தனியே போனேன். முதியோர் இல்லத்தில் தொடர்ந்து ஒன்பது நாள் வேலை செய்திருந்தேன். முதுகு நொந்தது. சூடான அறை, ஒரு தேத்தண்ணி, மூன்று நாள் ஒருவருடனும் பேசாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. வியாழனன்றே அவருக்குச் சொல்லியிருந்தேன். வெள்ளி காலை, "போட்டாச்சு" என்று செய்தியும் வந்திருந்தது.

கதவைத் திறந்ததும் என் மூச்சு எனக்கு முன்னால் வெண்புகையாய் நின்றது. சுவரிலிருந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது காட்டியது. தட்டில் வைத்திருந்த தேங்காயெண்ணெய் போத்தலைத் தொட்டால் கல்.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழைத்தேன்.

"நீங்கள் போடேல்லை."

"காலமை ஏழு மணிக்கே போட்டனான். 'போட்டாச்சு' எண்டு பெட்டி மறுமொழியும் தந்தது."

"வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு."

"பொறும், அனுப்புறன்" என்று, பெட்டி தந்த மறுமொழியைப் படமெடுத்து அனுப்பினார். நான் அதை நம்பவில்லை. பழைய படத்தை எடுத்து அனுப்புகிறார் என்றே நினைத்தேன்.

"மறந்தால் மறந்தனான் எண்டு சொல்லுங்கோவன். பொய் என்னத்துக்கு?"

"நான் ஏன் பொய் சொல்லவேணும்?"

"உங்களுக்கு நான் இன்னும் உங்கடை கையுக்கை இருக்கோணும். அதுதான் அந்த இரகசிய இலக்கத்தைத் தராமல் வைச்சிருக்கிறியள். நான் ஒவ்வொருக்காலும் கெஞ்சோணும். அதிலை உங்களுக்கு ஒரு சந்தோசம்."

அதோடு நிற்கவில்லை. ஹீட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பழைய கணக்கெல்லாம் வாயில் வந்தது. நான் வேலைக்குப் படிக்கப் போனபோது அவர் சொன்னது, என் அம்மாவின் செத்தவீட்டுக்கு என்னை மட்டும் தனியே அனுப்பியது, எல்லாம். கைவிரல்கள் விறைத்துப்போய் தொலைபேசியைப் பிடிக்க முடியாமல் இருந்தபோதும் நிறுத்தாமல் பேசினேன். கடைசியில், "முதலிலை அடுப்பை மூட்டும். பிறகு கதைப்பம்" என்றார் அவர். சொன்னது நியாயம்தான் என்பதால் இன்னும் கோபம் வந்தது. தொலைபேசியை வைத்தேன்.

விறகடுப்பை மூட்டி, அதற்கு முன்னால் மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோட்டோடும் தொப்பியோடும் படுத்தேன்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அது 'ஆன்'. பக்கத்திலிருந்த பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஐந்து சுவிட்சுகளில் மூன்றாவது கீழே விழுந்து கிடந்தது. ஹீட்டர்களுக்கான சுவிட்ச் அதுதான். விரலால் மேலே தள்ளினேன். மூன்று ஹீட்டர்களிலும் சிவப்பு விளக்கு வந்தது. சிறிது நேரத்தில் தகடுகள் சூடாகிப் 'படக் படக்' என்று சத்தம் போடத் தொடங்கின.

அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியும் பொய் சொல்லவில்லை. தன் வேலையைச் செய்துவிட்டேன் என்றுதான் அது மறுமொழி அனுப்பியது. அதற்கப்பால் சூடு வந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நேற்றிரவு நான் திட்டியது வீண். அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். பழைய கணக்கில் நான் சொன்னவை பிழையில்லையே என்று மனம் வாதாடியது. அன்று நான் அழைக்கவில்லை.

ஆனால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வருவதில்லை என்று முடிவெடுத்து, அலமாரியில் கிடந்த அதன் வழிகாட்டிப் புத்தகத்தை முதன்முறையாக விரித்தேன். பள்ளத்தாக்கிலிருந்த கடைக்குக் காரில் இறங்கிப்போய், ஒரு புதுச் சிம் அட்டையும் நட்சத்திர முனைத் திருப்புளியும் வாங்கிவந்தேன். புத்தகம் சொன்னது இதுதான். பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, உள்ளே இருக்கும் ஊசிமுனைப் பொத்தானைப் பத்து விநாடி அமத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். அதன்பின் முதலில் செய்தி அனுப்புகிறவரே சொந்தக்காரர்.

நாலு வசனத்தில் எழுதியிருந்த அந்த வேலை மத்தியானம் வரை இழுத்தது. அட்டை நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. புருவம் பிடுங்கும் சாவணத்தால் எடுத்தேன். திரும்பப் பூட்டினேன். சிவப்பு விளக்கு மின்னியது. பொத்தானை அமத்தினேன். மறுபடி சிவப்பு. அழுகை வந்தது. புத்தகத்தை மூன்றாம் தரம் வாசித்தபோதுதான், புது அட்டையின் பூட்டு இலக்கத்தை முதலில் ஒரு தொலைபேசியில் போட்டு நீக்கவேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கண்டேன். என் தொலைபேசியில் போட்டு நீக்கி, திரும்பப் பெட்டியில் வைத்தேன். சிவப்பு நின்று பச்சை வந்தது. செய்தி அனுப்பினேன். அரை நிமிடம் கழித்து, 'சொந்தக்காரர் பதியப்பட்டார்' என்று நோர்வே மொழியில் மறுமொழி வந்தது.

அணைத்தேன். டக். போட்டேன். டக். அணைத்தேன். ஐந்தாறு தரம் அப்படிச் செய்தேன். பக்கத்தில் நின்று பார்ப்பவர் இருந்திருந்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

நாலு நாள் கழித்து, வேலையில் இடைவேளைக்கு உட்கார்ந்திருந்தபோது அவர் அழைத்தார்.

"பெட்டி மறுமொழி தருதில்லை. பழுதாப் போச்சுதோ?"

"இல்லை. நான் மாத்திப்போட்டன். இப்ப என்ரை நம்பர்."

"நீரே மாத்தினனீரோ?"

"ஓம். நானேதான்."

பிறகுதான் எனக்கு உறைத்தது. "நாங்கள் போகேக்கைதானே நீங்கள் அனுப்ப வேணும். இப்ப என்னத்துக்கு அதுக்கு அனுப்பினீங்கள்?"

"சும்மா. காலமையிலை எத்தினை பாகை எண்டு கேக்கிறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். பஸ்ஸுக்கு நிக்கேக்கை."

ஆளில்லாத ஒரு வீட்டின் குளிரை, ஒரு மனிதர் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு நாள்தோறும் விசாரித்திருக்கிறார். என்னை நோட்டம் விடுகிறார் என்று நான் நினைத்திருந்த காலமெல்லாம் இதையும் செய்திருக்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

"அண்டைக்கு நீங்கள் போட்டது உண்மைதான்" என்றேன். "பியூஸ் விழுந்து கிடந்தது. நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் உடனே.

வந்த இரக்கமெல்லாம் அந்த ஒரு சொல்லோடு வடிந்தது. அதையும் விளங்காமல் அவர் தொடர்ந்தார்: "என்ரை நம்பரையும் ரெண்டாவதாய்ப் போட்டுவிடுமன். ஏதும் அவசரம் எண்டால் உதவும்."

"இல்லை" என்றேன். "பிள்ளையின்ரை நம்பரைப் போட்டிருக்கிறன். அது காணும்."

"சரி" என்றார். அவர் 'சரி' என்று சொல்லி நான் கேட்டது குறைவு. சாப்பிட்டீரோ என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். ஏழாம் அறையிலிருந்து மணி அடித்தது. அந்த அறைக் கிழவிக்குக் குளிர் தாங்காது. யன்னலைச் சாத்தச் சொல்லித்தான் அழைத்திருப்பாள். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனேன்.