மாமாவின் வண்டிக்கு வாங்கிய கவர்

கடைக்காரர் அந்தக் கவரை மேஜைமேல் விரித்தபோது எழுந்த புது ரப்பர் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி நிறம், கையில் எடுத்தால் கனக்கும் துணி. முன்சக்கரம் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் வளையம் வைத்த ஓட்டை. அதன் வழியாக ஒரு கேபிளை விட்டுச் சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் கவரை யாரும் உருவிக்கொண்டு போக முடியாது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வண்டிச் சாமான் விற்கும் அந்தக் கடையில் ஒரு மணி நேரமாக நின்று, ஏழெட்டுக் கவர்களைத் தடவிப் பார்த்து, மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி, மனிதரை ஒரு வழி பண்ணியிருந்தேன். துணியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டேனே தவிர, என்னைப் பிடித்து இழுத்தது அந்தப் பூட்டுதான். அது அப்போது எனக்கே தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் தெரியும்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அபார்ட்மெண்டுகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பங்குனி மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்தொரு வயது. பிள்ளை குட்டி இல்லை. நீலசந்திராவில் ஒரு சந்தில் முதல் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். வண்டி நிறுத்த வீட்டில் இடம் கிடையாது. கீழே மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் மாமா நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே அது நின்றது. மாமா இருந்தவரை அதற்குக் கவர் எதுவும் கிடையாது. காலையில் ஒரு பழைய பனியனால் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறிப் போய்விடுவார்.

எங்கள் பூர்வீகம் வட ஆர்க்காடு என்றாலும் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். காரியம் முடிந்ததும் அக்காவைத் தங்கவயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்து பெட்டிகூடக் கட்டிவிட்டார்கள். அக்கா அசையவில்லை. “நான் எங்கயும் வரல. எனக்கு வேல இருக்குது, வீடு இருக்குது” என்றாள். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பது. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் கேட்டை மூடிவிடுவார்கள். அப்பா ஊருக்குத் திரும்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளைப் பார்த்துக்கொள் என்றார். நான் ஜோகுபாளையத்தில் இருந்தேன், பக்கம்தான். பார்த்துக்கொள்வது என்பதை நான் என் வழியில் புரிந்துகொண்டேன்.

அந்த வழி என்னவென்றால், நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். பதினோரு வருடமாகச் சாமானை எண்ணி உள்ளே வைத்து, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதுதான் பிழைப்பு. யாராவது ஏதாவது கேட்டு வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை. எதற்கு, யாருக்கு, யார் கையெழுத்து என்று நாலு கேள்வி கேட்டால்தான் எனக்குத் திருப்தி. என் மனைவி கேலி செய்வாள், ஒருநாள் அரிசி டப்பாவுக்கும் பூட்டுப் போடப் போகிறேன் என்று. கேலிதான், ஆனாலும் தப்பாகச் சொல்லவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அக்கா டீ கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபடி கேட்டாள். “வண்டி சும்மாதானேடா நிக்குது. நான் எடுத்துக்கட்டுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கியர் வண்டி, ஆண்கள் ஓட்டும் பைக். பொட்டு அழித்த கையோடு, புருஷன் ஓட்டின வண்டியில் அக்கா உட்கார்ந்து சந்தைத் தாண்டிப் போவதும், வாசலில் நிற்கிறவர்கள் பார்ப்பதும், அது எப்படியோ தங்கவயல்வரை போய் அப்பா எனக்குப் போன் செய்வதும் ஒரு நொடியில் மனதில் ஓடிவிட்டது. அவள் கீழே விழுந்துவிடுவாளோ என்றுகூட நான் நினைக்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வாயில் வந்தது வேறு. “மழ ஆரம்பிச்சிடுச்சுக்கா. ரோடெல்லாம் வழுக்கும். மழக்காலம் முடியட்டும், நானே கத்துக் குடுக்கறேன்” என்றேன். அக்கா காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, “சரி” என்றாள். “அதுவரைக்கும் நனையாம ஒரு கவராவது வாங்கிப் போடு.”

அப்படித்தான் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் வயதான பாய், தமிழும் உருதுவும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். கவரை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்டது ஒரே கேள்வி. “வண்டி டெய்லி ஓடுதா சார், நின்னுட்டே இருக்குதா? அத சொல்லுங்க மொதல்ல.” நின்றுகொண்டேதான் இருக்கிறது என்றேன். உடனே மெல்லிய துணியில் இரண்டு பக்கமும் காற்றுப் போக ஜன்னல் வைத்த ஒரு கவரை எடுத்துப் போட்டார். கொஞ்சம் ஈரம் இறங்கும், ஆனால் இறங்கிய ஈரம் வெளியேயும் போய்விடும் என்றார். நான் அந்தக் கறுப்புக் கவரைக் காட்டினேன். “அது பக்கா வாட்டர்புரூஃப்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நின்ன வண்டிக்கு இத போட்டா உள்ளயே வேர்க்கும் சார். வாரம் ஒருக்கா தொறந்து, வெயில் காட்டி, ஸ்டார்ட் பண்ணி உடணும். செய்வீங்களா?” செய்வேன் என்றேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அவர் மடித்துக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலமே போட்டோம். மத்தியானம் பெய்த மழையில் வண்டி நனைந்திருந்தது. அக்கா துடைக்கத் துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். எனக்குப் பொறுமையில்லை, மறுபடி வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் இறங்கி வருவதற்குள் கவரைப் போட்டு, கேபிளை மாட்டிப் பூட்டிவிட்டேன். பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. இந்தச் சந்தில் திருட்டு அதிகம், இரண்டும் என்னிடமே இருக்கட்டும் என்றேன். வண்டிச் சாவியையும் வாங்கி அதோடு கோத்துக்கொண்டேன். கையில் துணியோடு நின்ற அக்கா படிக்கட்டின் கைப்பிடியைத் துடைத்துவிட்டு மேலே போனாள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. காலையில் சுள்ளென்று வெயில், நாலு மணிக்குக் கொட்டு. வாரம் ஒருமுறை போய்த் திறக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. முதல் வாரம் ஸ்டாக் எடுக்கும் வேலை. அடுத்த வாரம் சளி. அதற்குப் பிறகு காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கவரைத் தாண்டித்தான் படியேறுவேன். மேலே இலை ஒட்டியிருக்கும், மழைநீர் தேங்கியிருக்கும், ஒரு பூனை படுத்திருக்கும். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று பெருமையாக நினைத்துக்கொள்வேன். அக்கா விடியலில் டிபன் பையோடு அதைத் தாண்டிப் பஸ்ஸுக்கு ஓடுவாள். இரண்டு முறை கேட் மூடித் திரும்பி வந்தாள் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அந்த நாளில் துடைக்காத வண்டி கிடையாது. சந்து முழுக்க வண்டிகளைக் கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்த வருடமாக இருந்தாலும் மாமா வண்டியின் கவரை அன்று கட்டாயம் கழற்றியிருப்போம். இது சாவு நடந்த வருடம், எங்களுக்குப் பண்டிகை இல்லை. வீட்டு ஓனரம்மா பெரிய மனதோடு, கவர்மேலேயாவது ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினேன். வரிசையாகப் பூப்போட்டு நின்ற வண்டிகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் மூடிக் கிடந்தது. அன்று திறந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

கார்த்திகையில் அக்கா போன் செய்தாள். குரலில் அத்தனை மாதம் கழித்துக் கொஞ்சம் உயிர் இருந்தது. கம்பெனிக்கு மூன்று யூனிட். மூன்றுக்கும் தினம் போய்ச் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமாம், செக்கிங் பிரிவு மேடம் இவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, சொந்தமாக வண்டி இருக்கவேண்டும், திங்கட்கிழமை வண்டியோடு வரவேண்டும். “இது கெடச்சிட்டா அப்பா இனிமே என்ன ஊருக்கு வா வான்னு கூப்புட மாட்டாருடா. வந்து தொறந்து குடு” என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் எப்படிக் கற்றுக்கொள்வாள், ஒரு வாரம் தவணை கேட்கச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

கவரைத் தூக்கியதும் அடித்த நாற்றத்தில் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம். சீட் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். டேங்கில் கொப்புளம் கொப்புளமாகத் துரு. செயின் ஒரே கட்டி. சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டி, ஒயரையெல்லாம் கடித்துப் போட்டிருந்தது. வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், பின்சக்கரம் அசையவில்லை. கவரின் உள்பக்கம் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பதினைந்து நாளாவது ஆகும், அதுவும் எஞ்சினைத் திறந்தால்தான் சொல்ல முடியும் என்றார். திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்கும். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “உனக்குத்தான் ஓட்டவே தெரியாதேக்கா, எப்படியும் நாளைக்கு முடிஞ்சிருக்காது” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“எனக்கு ஓட்டத் தெரியும்டா” என்றாள் அக்கா. “கல்யாணமான வருஷமே மாமா கத்துக் குடுத்துட்டாரு. பொம்மனஹள்ளி தாண்டி காலி சைட்டுல, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. லைசென்சும் இருக்குது. அப்பா சத்தம் போடுவாருன்னு உங்க யாருக்கும் சொல்லல.”

அப்புறம் ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“வண்டிய கேட்டேன். நீ கத்துக் குடுக்கறேன்னு சொன்னே. தம்பி நீயா ஒருநாள் குடுப்பேன்னு பாத்தேன்” என்றாள். கவரை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அக்கா இன்னும் நாலு மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். வருட திதி முடிந்த கையோடு அப்பா வந்தார். இந்தத் தடவை அவள் மறுத்துப் பேசவில்லை. வண்டியைக் காயலான் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கவர் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அதை இப்போது எங்கள் மொட்டைமாடியில் பழைய கட்டில்மேல் போட்டிருக்கிறேன். எத்தனை மழைக்கும் ஒரு சொட்டு இறங்குவதில்லை.

அக்கா தங்கவயலில் அப்பா அம்மாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவாள். பிறகு நான் வாங்கிய வண்டியில் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவேன். ஒருபக்கமாகப் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அல்சூர் பக்கம் ஒரு மேடு ஏறும்போது நான் எப்போதும் கியரை இறக்கத் தாமதம் செய்துவிடுவேன், அது என் கெட்ட பழக்கம். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வரும். “செகண்டு போடுடா. வண்டி முக்குது பாரு.”

வண்டியை ஓரம் கட்டி, நீ ஓட்டு என்று இறங்கிவிடலாம். ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். செகண்டு போட்டுக்கொண்டு நானே ஓட்டிப் போகிறேன்.